ரேடியோ அதிகாரி வேலைக்கு ஆறு லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 24. சொந்த ஊர் தூத்துக்குடி. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பொறியியல் முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக செல்போன் கோபுரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். என் தாய்மாமா 1980களில் கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். இப்போது ஏஜென்ட் ஒருவர், ஜி.எம்.டி.எஸ்.எஸ். எனப்படும் கடல் அபாய அழைப்புத் தொடர்பு முறைக்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் வெளிநாட்டுக் கப்பலில் ரேடியோ அதிகாரியாகச் சேர்த்துவிடுவதாகவும் அதற்கு ஆறு லட்சம் ஆகும் என்றும் சொல்கிறார். மாமாவோ, “அந்த வேலையே இப்போது கிடையாது, சாட்டிலைட் வந்து எங்களை விழுங்கிவிட்டது” என்கிறார். யார் சொல்வது சரி? அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். ஆனால் கடல் என்றாலே அவருக்குப் பயம்.

பதில்:

தம்பி, முதலில் நகை பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கப்பல் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேச விதி. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம் போன்றவற்றின் செலவு உங்களுடையது. பயிற்சி நிலையத்துக்குப் படிப்புக் கட்டணம் கட்டுவதும் தனிக் கணக்கு. ஆனால் ‘பணியமர்த்தும் கட்டணம்’ என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அது சட்டவிரோதம். இந்தியாவில் மாலுமிகளைக் கப்பலுக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி. ஷிப்பிங்கின் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். “இந்திய சி.டி.சி. வேண்டாம், வேறு நாட்டுப் புத்தகம் எடுத்துத் தருகிறோம்”, “முதலில் சுற்றுலா விசாவில் போய்விடுங்கள், கப்பல் அங்கே வரும்” என்ற இரண்டு வாக்கியங்களில் ஒன்றையாவது அவர் சொல்லியிருந்தால் பட்டியலைக்கூடப் பார்க்க வேண்டாம். அப்படிப் போன பையன்கள் சம்பளமும் இல்லாமல், ஊர் திரும்ப வழியும் இல்லாமல் ஏதோ ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடப்பது இன்றும் நடக்கிறது.

இனி மாமாவின் பேச்சுக்கு வருவோம். அவர் சொல்வது முக்கால்வாசி சரி.

அவர் பார்த்த வேலையை நானும் பார்த்திருக்கிறேன். ரேடியோ அறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18-ஆவது நிமிடம் வரையும், 45 முதல் 48 வரையும் சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். அந்த மூன்று நிமிடங்கள் உலகம் முழுவதும் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் மோர்ஸ், அதாவது புள்ளி-கோடு ஒலிக் குறிகள், தட்டக்கூடாது. எங்கோ பலவீனமாக ஓர் அபாய அழைப்பு வந்தால் காதில் விழ வேண்டும் என்பதற்காக. வி.டபிள்யூ.எம். என்ற அழைப்புக் குறியோடு மெட்ராஸ் ரேடியோ என்ற கரை நிலையம் எந்தெந்தக் கப்பலுக்குத் தந்தி வைத்திருக்கிறது என்று பட்டியல் வாசிக்கும்போது, நம் கப்பலின் பெயர் வருகிறதா என்று காத்திருப்போம். மாமாவிடம் கேட்டால் அந்தக் குறியின் தாளத்தை இன்றும் மேசையில் தட்டிக் காட்டுவார்.

1912-இல் டைட்டானிக் மூழ்கிய இரவில் அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஒரே ரேடியோ ஆபரேட்டர் தூங்கப் போயிருந்தார். அதன் பிறகுதான் ரேடியோவில் காது வைத்துக் காத்திருப்பது சட்டமாகத் தொடங்கியது. அந்த முறை சுமார் எண்பது ஆண்டுகள் ஓடியது. பிறகு ஜி.எம்.டி.எஸ்.எஸ். வந்தது. 1992 பிப்ரவரி 1-இல் தொடங்கி, 1999 பிப்ரவரி 1-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மனிதன் காது கொடுத்துக் கேட்பதற்குப் பதிலாக இயந்திரமே கேட்டு மணி அடிக்கும். பொத்தானை அழுத்தினால் கப்பலின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் தானாகப் போகும். மோர்ஸ் தேவையில்லை.

மாமாவோடு நான் உடன்படாத கால் பங்கு இதுதான்: அவர் வேலையை விழுங்கியது சாட்டிலைட் அல்ல, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகளான சோலாஸில் உள்ள ஒரு பிரிவு. ரேடியோ கருவிகள் எப்போதும் வேலை செய்வதை உறுதிப்படுத்த அந்த விதி மூன்று வழிகளைத் தருகிறது. கருவிகளை இரட்டையாக வைப்பது, கரையில் பழுது பார்க்கும் ஒப்பந்தம் வைத்துக்கொள்வது, கப்பலிலேயே பழுது பார்க்கும் தகுதியுள்ள ஆளை வைப்பது. நடுக்கடலில் ஓடும் கப்பல் இவற்றில் ஏதேனும் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதலாளிகள் முதல் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு பெட்டியை ஒரு முறை வாங்கினால் முடிந்தது. ஆளுக்கு மாதாமாதம் சம்பளம், சாப்பாடு, அறை, விமான டிக்கெட். கணக்கு அவ்வளவுதான். 1980களில் பிரிட்டிஷ் கப்பல்களில் இந்தப் பதவிக்கே ‘ரேடியோ மற்றும் எலக்ட்ரானிக்ஸ் அதிகாரி’ என்று பெயர் வைத்து, ரேடார் முதல் என்ஜின் அறைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வரை பழுது பார்க்கப் பழக்கினார்கள். அதைப் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். மோர்ஸ் சாவியை மட்டும் பிடித்திருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி என்று தனிப் பதவி இன்று கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொல்லும் ஜி.எம்.டி.எஸ்.எஸ். பொது ஆபரேட்டர் சான்றிதழ் உண்மையான சான்றிதழ்தான். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தேர்வு நடத்திக் கொடுப்பது. ஆனால் அதைக் கேப்டனும் மற்ற டெக் அதிகாரிகளும் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார்கள். கப்பலை ஓட்டுபவரே ரேடியோவையும் இயக்கிவிடுவார். அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு சரக்குக் கப்பலில் இடம் கேட்பவருக்குக் கொடுக்க அங்கே நாற்காலி இல்லை. எண்ணெய்க் கிணற்று மேடைகளிலும் கடலடிக் குழாய் பதிக்கும் பார்ஜ்களிலும் ரேடியோ ஆபரேட்டர் வேலை இன்னும் இருக்கிறது. ஹெலிகாப்டர் வருகை, மேடையில் இருப்பவர்களின் எண்ணிக்கை, வானிலை அறிக்கை ஆகியவற்றைக் கவனிக்கும் வேலை அது. இடங்கள் குறைவு, அனுபவம் கேட்பார்கள்.

உங்களைப் போன்றவருக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு வேறு. கப்பலின் மின்சார, மின்னணுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீஸர், சுருக்கமாக இ.டி.ஓ. இந்தி பேசும் மாலுமிகள் ‘பத்தி சாப்’, அதாவது விளக்கு ஐயா, என்பார்கள். மாலுமிகளின் பயிற்சித் தரத்தை வகுக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையில், 2010-இல் மணிலாவில் செய்த திருத்தங்கள் இந்தப் பதவிக்கென ஒரு தகுதிச் சான்றிதழை உருவாக்கின. 2012 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாமாவின் ரேடியோவும் ரேடாரும் இந்தப் பதவியின் பாடத்திட்டத்துக்குள் இருக்கின்றன. ஆனால் அவை வேலையில் ஒரு மூலைதான். இதை நீங்கள் இப்போதே புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாமாவின் கதைகளில் வரும் குளிரூட்டப்பட்ட ரேடியோ அறையை நினைத்துக்கொண்டு வருபவர்கள்தான் முதல் கப்பலிலேயே மனமுடைகிறார்கள். இ.டி.ஓ. காலையில் பாய்லர் சூட் மாட்டிக்கொண்டு என்ஜின் அறைக் கூட்டத்துக்குப் போகிறவர். அவருடைய மேலதிகாரி தலைமைப் பொறியாளர்.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கப்பலின் 440 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் பொதுவாக நியூட்ரலைக் கப்பலின் உடலோடு இணைப்பதில்லை. வீட்டில் ஒரு கம்பி தரையைத் தொட்டால் உடனே மின்சாரம் துண்டிக்கப்படும். கப்பலில் அப்படித் துண்டிக்கக்கூடாது. துண்டிக்கப்படுவது ஸ்டியரிங் மோட்டாராக இருந்தால் என்ன ஆகும்? அதனால் முதல் கசிவில் எதுவும் நிற்காது. சுவிட்ச்போர்டில் மூன்று விளக்குகளில் ஒன்று மங்கும், மற்ற இரண்டும் கூடுதலாக எரியும், அலாரம் அடிக்கும். எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வேறொரு முனையில் இரண்டாவது கசிவு வந்துவிட்டால் அது ஷார்ட் சர்க்யூட். அதற்குள் முதலாவதைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே? நூற்றுக்கணக்கான சர்க்யூட்டுகள். ஒவ்வொன்றாக அணைத்து, விளக்குகள் சமமாகின்றனவா என்று பார்க்க வேண்டும். அணைப்பதற்கு முன் மேலே பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், கேட்க வேண்டும், கீழே தலைமைப் பொறியாளரிடம் கேட்க வேண்டும், சமையலறையில் சொல்ல வேண்டும். அனுபவப்பட்டவர் நேரே சமையலறை அடுப்பின் ஹீட்டருக்கும், நேற்று அலை அடித்த டெக் விளக்குகளுக்கும் போவார். பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். கண்டெய்னர் கப்பல் என்றால் குளிர்பதனக் கண்டெய்னர்களின் பிளக்குகள் மேல் முதல் சந்தேகம். இதை நீங்கள் படிக்கும்போது சுவாரசியமாக இருந்ததா, தலை சுற்றியதா? சுவாரசியமாக இருந்தால் மேலே படியுங்கள்.

மற்றவற்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்: ஜெனரேட்டர்களின் மின்னழுத்தச் சீராக்கி, கிரேன்கள், லிஃப்ட், தீ அலாரம், வெப்பத்தையும் அழுத்தத்தையும் 4 முதல் 20 மில்லியாம்பியராக மாற்றி அனுப்பும் சென்சார்கள், இயந்திரங்களைத் தானாக இயக்கும் பி.எல்.சி. கணினிகள், கப்பலில் மின்சாரம் போனால் 45 விநாடிக்குள் உயிர் பெற வேண்டிய அவசர ஜெனரேட்டர். பெரிய கப்பல்களில் 6,600 வோல்ட் வரும்; 1,000 வோல்ட்டுக்கு மேல் கை வைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். மாலுமிகள் வீட்டுக்கு வீடியோவில் பேசும் இணைய இணைப்பு செத்தால், அதற்கும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். நள்ளிரவில் கேப்டன் அழைக்கும் காரணம் பெரும்பாலும் ரேடார் அல்ல, இதுதான்.

இதில் மாமாவின் மூலை எது? பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஆன்டெனாக்கள். உப்புக் காற்றில் கோஆக்சியல் கேபிளின் இணைப்பு பச்சை பிடித்து, கருவி நல்ல நிலையில் இருந்தும் குரல் போகாமல் இருக்கும். ரேடியோவுக்கான தனி பேட்டரிகள் 24 வோல்ட்டைக் காட்டும், சுமை கொடுத்தவுடன் விழுந்துவிடும். கப்பல் மூழ்கினால் தானாக மிதந்து 406 மெகாஹெர்ட்ஸில் சாட்டிலைட்டை அழைக்கும் ஈபெர்ப் கருவி இருக்கிறது. அதைத் தண்ணீரின் அழுத்தத்தில் விடுவிக்கும் சிறு பொறியை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நான் இப்போது கரையில் இருந்து கப்பல்களின் ரேடியோவைப் பரிசோதிக்கப் போகிறவன். அந்தப் பொறியின் மேல் எழுதியிருக்கும் காலாவதித் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன், ஒரு கப்பல் எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். யாராவது சுத்தம் செய்யும்போது அபாயப் பொத்தானை அழுத்திவிட்டால், பயந்துபோய்க் கருவியை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடக்கூடாது. பிரிட்ஜில் இருப்பவர் 16-ஆம் சேனலில் வாய்விட்டுச் சொல்லி ரத்து செய்ய வேண்டும். இதையெல்லாம் கற்றுத்தருவதால் ஜி.எம்.டி.எஸ்.எஸ். படிப்பு வீண் இல்லை. இ.டி.ஓ. ஆன பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கோபுரப் பராமரிப்பு. அங்கே 48 வோல்ட் பேட்டரி வரிசையைப் பார்த்திருப்பீர்கள், மின்தடை வந்ததும் டீசல் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பாத இரவுகளைப் பார்த்திருப்பீர்கள், மழைக்குப் பிறகு ஃபீடர் கேபிளில் தண்ணீர் இறங்கி அலை திரும்புவதை மீட்டரில் அளந்திருப்பீர்கள், உயரத்தில் பாதுகாப்புக் கயிறு கட்டி வேலை செய்திருப்பீர்கள். இவை அத்தனையும் கப்பலில் அப்படியே உண்டு. நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலைவிட இதைப் பற்றிப் பேசுங்கள். உங்களிடம் இல்லாதது மோட்டார், ஸ்டார்ட்டர், மும்முனை மின்சாரம். இப்போதே தூத்துக்குடியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் விடுமுறை நாட்களில் போய் நில்லுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைப் படம் பார்க்காமல் பிரித்து மாட்டும் அளவுக்குக் கை பழகட்டும்.

இனி குறைகள். முதலாவது, ஏணி இல்லை. நான்காம் பொறியாளராகச் சேர்ந்தவன் தேர்வுகள் எழுதித் தலைமைப் பொறியாளர் வரை போகலாம். சரக்குக் கப்பலில் இ.டி.ஓ. கடைசி வரை இ.டி.ஓ.தான், அனுபவத்துக்கு ஏற்பச் சம்பளம் கூடும், தோளில் பதவிப் பட்டை ஏறாது. பயணிகள் சொகுசுக் கப்பல்களில் மட்டும் மின்பிரிவு பெரியதாக இருப்பதால் படிகள் உண்டு. இரண்டாவது, குறைந்தபட்ச ஆள் பட்டியலில் இ.டி.ஓ. எல்லாக் கப்பலுக்கும் கட்டாயம் இல்லை. செலவைக் குறைக்க நினைக்கும் முதலாளி அந்த இடத்தை எடுத்துவிட முடியும். மாமாவுக்கு நடந்தது மறுபடி நடக்குமா என்று கேட்டால், இந்த முறை காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது என்பேன்: கப்பலில் மின்சாரமும் கணினியும் கூடிக்கொண்டே போகின்றன, அவற்றைப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. மூன்றாவது, தனிமை. வீட்டு நினைப்பைச் சொல்லவில்லை, தொழிலில் தனிமை. டெக்கில் மூன்று அதிகாரிகள், என்ஜின் அறையில் நான்கு பேர், மின்சாரத்துக்கு நீங்கள் ஒருவர். சந்தேகம் வந்தால் கேட்க இன்னொரு இ.டி.ஓ. கப்பலில் இருக்க மாட்டார். கரைக்கு மின்னஞ்சல் அனுப்பலாம், பதில் வரும் வரை எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இது சிலருக்கு உரம், சிலருக்கு நஞ்சு. கோபுரத்தில் தனியாக நின்று பழுது பார்த்த இரவுகளில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பளம் டாலரில் நன்றாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் ஒப்பந்த மாதங்களுக்கு மட்டும். ஊரில் இருக்கும் மாதங்களில் வருமானம் இல்லை. பயிற்சி இ.டி.ஓ.வுக்குக் கிடைப்பது உதவித்தொகை மட்டுமே. வீட்டுக்கடன் கணக்குப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வழி இது. டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த நிலையத்தில் பட்டதாரிகளுக்கான நான்கு மாத அளவிலான இ.டி.ஓ. படிப்பு. அதோடு கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி உள்ளிட்ட அடிப்படைப் பயிற்சிகள். பிறகு பயிற்சி இ.டி.ஓ.வாகக் கப்பல். எஸ்.டி.சி.டபிள்யூ. கேட்பது பட்டறைப் பயிற்சியும் கடல் அனுபவமும் சேர்த்து குறைந்தது 12 மாதம். அதில் 6 மாதமாவது கடலில். அதன் பிறகு தேர்வு. அதை நடத்தும் மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. மதிப்பெண் சதவீதம், பள்ளி ஆங்கில மதிப்பெண், வயது வரம்பு ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. அவ்வப்போது மாறுவதால் இயக்குநரகத்தின் அறிவிப்பை நேரில் படியுங்கள், நிலையத்தின் விளம்பரத் தாளை நம்பாதீர்கள். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: “போன அணியில் எத்தனை பேர் கப்பலேறினார்கள், எந்த நிறுவனம் வழியாக?” படிப்பை முடித்துவிட்டு முதல் கப்பலுக்காகக் காத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான கட்டம். ஏஜென்ட்டுகள் பிழைப்பதும் அந்த இடைவெளியில்தான். எனவே கோபுர வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். ஏதாவது ஒரு கப்பல் நிறுவனம் உங்களைத் தேர்வு செய்து ‘படித்துவிட்டு வா’ என்று எழுத்தில் கொடுத்த பிறகு படிப்பில் சேர முடிந்தால் அதுவே நல்லது.

அம்மாவிடம் என்ன சொல்வது? கடலில் ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். இ.டி.ஓ.வைப் பொறுத்தவரை அலையைவிட மின்சாரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சுவிட்ச்சை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் அளந்த பிறகே தொடும் பழக்கம் உள்ளவன் முழுதாக வீடு திரும்புவான். மாமா காலத்தில் ஒரு தந்திக்காக வாரக்கணக்கில் காத்திருந்த அம்மாக்கள் உண்டு. இப்போது இணையம் உள்ள கப்பலில் இருந்து தினமும் முகம் பார்த்துப் பேசலாம். அதைப் பழுது பார்ப்பவரே அவருடைய மகன் என்றால் அம்மாவுக்கு அதைவிட என்ன உத்தரவாதம்?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் போய்க் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், குறிப்பாக நிறக்குருடு இருக்கிறதா என்று. கம்பிகளின் நிறம் பார்க்கும் வேலை என்பதால் இ.டி.ஓ.வுக்கும் அந்தச் சோதனை உண்டு. அதில் தேறாமல் படிப்புக் கட்டணம் கட்டிவிட்டு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடிவு கைக்கு வந்ததும் எழுதுங்கள், எந்தெந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பிறகு பேசுவோம்.